வாசகர் கேள்வி – பதில்: ஸ்காட்லாந்துச் சிற்றூர்களின் பப்புகளும் ப்ரூவரிகளும்

பாலக்காடு, மூணாறு, ஆந்திர எல்லை ஆகிய பகுதிகளிலிருந்து நம் வாசகர்களின் பிள்ளைகள் பலர் இப்போது ஸ்காட்லாந்தில் படிக்கிறார்கள். சிலர் அங்கே மருத்துவமனைகளில் வேலை பார்க்கிறார்கள். அவர்களைப் பார்க்கச் செல்லும் பெற்றோருக்காகச் சென்ற இதழில் எழுதிய குறிப்பில், ஒரு சிற்றூரை அறிய விரும்புபவர் அங்குள்ள பழைய பப்பில், அதாவது ஊரார் கூடும் மதுவிடுதியில், ஒரு மாலைப்பொழுதேனும் அமர்ந்திருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றி வந்த கடிதங்கள் எதிர்பாராத அளவுக்கு அதிகம். ஆகவே இந்த இதழின் கேள்வி – பதில் பகுதியை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து தென்னந்தோப்பு வைத்திருக்கும் வாசகர்: ஐயா, எங்கள் சித்தூர் வட்டத்துத் தோப்புகளிலிருந்துதான் கேரளத்தின் பல மாவட்டங்களுக்கு நாள்தோறும் கள் செல்கிறது. கள்ளுக்கடையைப் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு, ஸ்காட்லாந்துக் கிராமத்துப் பப்பில் புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது?

பதில்: உங்களைப் போன்றவருக்குத்தான் அதிகம் இருக்கிறது. காலையில் இறக்கிய கள் மாலைக்குள் வேறொன்றாகிவிடும் என்பதையும், பானையின் சுத்தமும் வெயிலின் கடுமையும் அதன் சுவையை மாற்றும் என்பதையும் உங்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்காட்லாந்தின் நல்ல பப்புகளில் பீப்பாயிலிருந்து நேராக இறைத்துத் தரப்படும் ஏல் என்ற பீரும் அப்படி உயிருள்ள பானம்தான். பார்லியை ஊறவைத்து முளைகட்டி உலர்த்தினால் மால்ட் கிடைக்கிறது. அதை உடைத்து வெந்நீரில் ஊறவிட்டு, இனிப்பான சாற்றை வடித்து, கசப்புக்கும் மணத்துக்கும் ஹாப்ஸ் என்ற கொடியின் பூக்களைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறிய பிறகு ஈஸ்ட் கலந்து சில நாட்கள் புளிக்கவிடுகிறார்கள். கடைகளில் புட்டியில் விற்கும் சாதாரண பீரை இதற்குப் பின் வடிகட்டி, சூடேற்றி, வாயுவை ஏற்றி அடைத்துவிடுவார்கள். பீப்பாய் ஏலுக்கு இவற்றில் எதுவும் செய்வதில்லை. ஈஸ்ட் உயிரோடிருக்கும்போதே பீப்பாய்க்குள் ஊற்றி அனுப்பிவிடுவதால், இரண்டாவது முறை புளிப்பது பப்பின் நிலவறையில் நடக்கிறது.

ஆகவே பீர் காய்ச்சும் ஆலையான ப்ரூவரியின்காரர் தொடங்கிய வேலையை முடித்துவைப்பவர் பப்புக்காரர். பீப்பாயை அசைக்காமல் கிடத்திவைப்பது, மேல் துளையில் மரமுளையைச் செருகி மிகுதியான வாயுவை மெல்ல வெளியேறவிடுவது, வண்டல் அடியில் படியும்வரை காத்திருப்பது, அறையின் வெப்பத்தை 11 முதல் 13 டிகிரிக்குள் வைத்திருப்பது என்று எல்லாவற்றுக்கும் பொறுமை வேண்டும். திறந்த பீப்பாய் ஏறக்குறைய மூன்று நாட்களுக்குள் தீர்ந்துவிட வேண்டும். இல்லையென்றால் காற்றுப்பட்டுப் புளித்துப்போகும். ஒரே ப்ரூவரியின் ஒரே ஏல் ஒரு பப்பில் மிக நன்றாகவும், அடுத்த தெருவில் சுமாராகவும் இருப்பதற்கு இதுதான் காரணம். மேசையின் மேல் நிற்கும் நீண்ட கைப்பிடியை இழுத்து அதை இறைப்பார்கள். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பீரைப் போலச் சில்லென்று இருக்காது, நுரையும் குறைவு. முதல் வாயில் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். அவசரப்படாமல் குடித்தால் மால்ட்டின் இனிப்பும் ஹாப்ஸின் கசப்பும் தனித்தனியே தெரியும்.

இடத்தைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. நம் கள்ளுக்கடைகள் பெரும்பாலும் ஆண்கள் வந்து குடித்துவிட்டுப் போகும் இடங்களாக இருந்துவிட்டன. ஸ்காட்லாந்துச் சிற்றூர்ப் பப்பிலோ கிழவியும் பேரனும் ஒரே மேசையில் சூப் அருந்துவார்கள், மேய்ச்சலிலிருந்து வந்தவர் தன் நாயைக் காலடியில் படுக்கவைத்திருப்பார், மூலையில் யாரோ பிடில் வாசித்துக்கொண்டிருப்பார். அங்கும் இது தொன்றுதொட்டு இப்படி இருந்ததில்லை. பெண்களை உள்ளே விடாத பப்புகள் பல இருந்தன. 1975-ஆம் ஆண்டின் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்த பிறகுதான் அவை வழிக்கு வந்தன. பழைய பப்புகள் சிலவற்றில் தெருவைப் பார்த்த சிறு தடுப்பறை ஒன்றை இன்றும் காணலாம். வீட்டுக்கு வாங்கிச் செல்வோர், குறிப்பாகப் பெண்கள், பொது அறைக்குள் வராமலேயே ஜாடியை நீட்டி வாங்கிப்போவதற்காக அமைத்த இடம் அது.

பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியை: எங்கள் மகன் எடின்பரோவில் படிக்கிறான். நாங்கள் அங்கிருந்து காரில்லாமல் சென்றுவரக்கூடிய சிற்றூர்களைச் சொல்லுங்கள். வரலாற்றில் எனக்கு ஈடுபாடு அதிகம்.

பதில்: அப்படியானால் முதலில் இன்னர்லீதன் ஊருக்குப் பக்கத்திலுள்ள ட்ராக்வேர் மாளிகைக்குச் செல்லுங்கள், அம்மா. எடின்பரோவிலிருந்து பீபிள்ஸ் வழியாகக் கலாஷீல்ஸ் செல்லும் பேருந்து இன்னர்லீதனில் நிற்கும். அங்கிருந்து நடந்தே போய்விடலாம். ஸ்காட்லாந்தில் இடைவிடாமல் மக்கள் குடியிருந்துவரும் வீடுகளில் மிகப் பழமையானது என்று அறியப்படுவது இது. ஸ்காட்லாந்து ராணி மேரி 1566-ல் இங்கே வந்து தங்கியிருக்கிறார். மாளிகையின் ஒரு பக்கத்தில், வீட்டாருக்கும் வேலையாட்களுக்கும் வேண்டிய ஏலைக் காய்ச்சுவதற்காக 18-ஆம் நூற்றாண்டில் ஒரு ப்ரூவரி இருந்தது. காலப்போக்கில் அது கைவிடப்பட்டு, பாத்திரங்களின் மேல் தட்டுமுட்டுச் சாமான்கள் குவிந்துகிடந்தன. குடும்பத்தின் இருபதாம் தலைமுறைத் தலைவரான பீட்டர் மேக்ஸ்வெல் ஸ்டுவர்ட் 1965-ல் அவற்றைத் துலக்கி மீண்டும் காய்ச்சத் தொடங்கினார். சிறு ப்ரூவரிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுப் பெரிய நிறுவனங்களுக்குள் கரைந்துகொண்டிருந்த காலம் அது. இன்றும் அங்கே ஓக் மரத் தொட்டிகளில்தான் ஏல் புளிக்கிறது. ட்ராக்வேர் ஹவுஸ் ஏலில் ஆல்கஹால் 7.2 சதவீதம், அதனால் சிறு கோப்பையில் வாங்கி மெதுவாக அருந்த வேண்டியது. ஜேகபைட் ஏல் என்ற இன்னொன்றில் நம் கொத்தமல்லி விதையைச் சேர்க்கிறார்கள்.

வரலாற்றில் ஈடுபாடு உள்ள உங்களுக்கு அந்த மாளிகையின் கரடி வாயிலையும் காட்ட வேண்டும். 1745-ல், இழந்த அரியணையை மீட்க முயன்ற ஸ்டுவர்ட் வம்சத்து இளவரசர் சார்லஸ் வந்து விடைபெற்ற பிறகு வாயிற்கதவுகள் மூடப்பட்டன என்றும், அந்த வம்சத்தில் ஒருவர் மீண்டும் முடிசூடும்வரை திறப்பதில்லை என்று அப்போதைய பிரபு உறுதி பூண்டார் என்றும் குடும்ப மரபு கூறுகிறது. இன்றுவரை வண்டிகள் பக்கத்துப் பாதையில்தான் போகின்றன. குளிர்மாதங்களில் மாளிகை பொதுவாக மூடியிருக்கும் என்பதால் பயணத்தைக் கோடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிழக்குக் கடற்கரையிலுள்ள டன்பாருக்கு எடின்பரோவிலிருந்து ரயிலில் அரை மணி நேரப் பயணம்கூட இல்லை. பெல்ஹேவன் ப்ரூவரி 1719 முதல் அங்கே இயங்குகிறது; சுற்றிலும் பார்லி விளையும் செம்மண் வயல்கள். 2005-ல் கிரீன் கிங் என்ற இங்கிலாந்து நிறுவனம் அதை வாங்கிவிட்டது. ஊர்ப்பெயர் புட்டியில் நீடித்தாலும் முடிவுகள் வேறெங்கோ எடுக்கப்படும் நிலை அதற்கு ஏற்பட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் அதன் ஏலை அந்தக் கடற்கரைப் பப்புகளில் குடிப்பது வேறு அனுபவம்தான்.

மூன்றாவதாக, ஒருநாள் முழுவதும் ஒதுக்க முடிந்தால் ரயிலில் பிட்லாக்ரி செல்லுங்கள். நிலையத்திலிருந்து மேட்டுப்பாதையில் ஒரு மைல் நடந்தால் மூலின் என்ற சிறு கிராமம் வரும். அங்குள்ள விடுதி 1695-ல் தொடங்கியது. அதன் முந்நூறாம் ஆண்டான 1995-ல், பழைய வண்டிக்கொட்டகையில் ஒரு சிறிய ப்ரூவரியையும் அமைத்தார்கள். காய்ச்சும் இடத்துக்கும் குடிக்கும் இடத்துக்கும் இடையே சில அடிகள்தான் தூரம். கல்சுவரும் விறகடுப்பும் உள்ள அந்த அறையில் உட்கார்ந்தால் எழுந்துவர மனம் வராது. பார்க்க ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால், ட்ராக்வேரைக்கூட விட்டுவிட்டு மூலினையே நான் சொல்வேன்.

மூணாறிலிருந்து எஸ்டேட் குடும்பத்தைச் சேர்ந்த இளைஞர்: என் பாட்டனார் காலத்துத் துரைகள் ஸ்காட்லாந்துக்காரர்கள் என்று வீட்டில் சொல்வார்கள். அவர்களுடைய ஊர்களில் அந்தத் தொடர்பைக் காட்டும் இடம் ஏதேனும் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. கண்ணன் தேவன் மலைத் தோட்டங்களை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தன் கைக்குள் கொண்டுவந்த ஜேம்ஸ் ஃபின்லே நிறுவனம் கிளாஸ்கோவைச் சேர்ந்தது. தேயிலைக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே அது பஞ்சாலை முதலாளியாக இருந்தது. டூன் என்ற சிற்றூரை அடுத்த டீன்ஸ்டன் கிராமத்தில், டீத் ஆற்றின் நீர்விசையால் ஓடிய பஞ்சாலை ஒன்றை 1808-ல் வாங்கி நடத்தியது. தொழிலாளர்களுக்கு வரிசை வீடுகளைக் கட்டிக் கொடுத்து ஒரு கிராமத்தையே ஆலை ஆண்டது. அந்த வரிசை வீடுகளைப் பார்க்கும்போது உங்களுக்குத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் நினைவுக்கு வரும். ஆனால் அவை கல்லால் கட்டிய விசாலமான வீடுகள் என்பதையும், மூணாறில் உங்கள் பாட்டனாருக்குக் கிடைத்தது என்ன என்பதையும் சேர்த்தே எண்ணிப்பாருங்கள். பஞ்சாலை 1965-ல் மூடப்பட்டது. அதே கட்டடம் பின்னர் விஸ்கி வடிசாலையாக மாறி இன்றும் இயங்குகிறது. பார்வையாளர்களை உள்ளே அழைத்துச் சென்று காட்டுகிறார்கள். பீர் ப்ரூவரியாக இல்லாவிட்டாலும், உங்கள் குடும்பக் கதைக்கு இதைவிட நெருக்கமான இடத்தை அந்த நாட்டில் என்னால் சுட்ட முடியாது. மாலையில் டூனுக்கு நடந்துவந்து அங்குள்ள பப்பில் உணவருந்தலாம்.

இன்னொரு தொடர்பும் உண்டு. தென்னிந்தியாவில் வெள்ளைக்காரர்கள் நடத்திவந்த சில ப்ரூவரிகளை 1915-ல் ஒன்றிணைத்து யுனைடெட் ப்ரூவரீஸ் நிறுவனத்தை உருவாக்கிய தாமஸ் லீஷ்மனும் ஸ்காட்லாந்துக்காரரே.

கஞ்சிக்கோட்டிலிருந்து தொழிற்சாலை ஊழியர்: ஏலின் பெயரோடு 70 ஷில்லிங், 80 ஷில்லிங் என்று எழுதியிருக்கிறதாமே, அது விலையா?

பதில்: 19-ஆம் நூற்றாண்டில் ஒரு பீப்பாய்க்கு ப்ரூவரி போட்ட விலை அது. அடர்த்தியும் வலுவும் கூடக் கூட விலையும் கூடியதால், 60 என்றால் இலேசானது, 70 நடுத்தரம், 80 சற்று வலுவானது, 90-ம் அதற்கு மேலும் மிக வலுவானவை என்று நிலைத்துவிட்டது. ஷில்லிங் நாணய முறை 1971-ல் போய்விட்டது. பீப்பாய்ப் பெயர்களில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஆந்திர மாநிலம் நகரியிலிருந்து விசைத்தறி நடத்தும் வாசகர்: எங்கள் மாநிலத்தில் 1995-ல் வந்த மதுவிலக்கை நேரில் கண்டவன் நான். பப்புகளைப் போற்றி எழுதுகிறீர்களே, அந்த நாட்டில் குடியால் குடும்பங்கள் அழியவில்லையா? அவர்கள் மதுவிலக்கை நினைத்ததே இல்லையா?

பதில்: நியாயமான கேள்வி. இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவில் 1992-ல் எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்கள் சாராயக் கடையை மூடவைத்ததையும், அந்தத் தீ மாநிலம் முழுவதும் பரவியதையும், 1995-ல் வந்த முழு மதுவிலக்கு 1997-ல் தளர்த்தப்பட்டதையும் நீங்கள் அறிவீர்கள். ஸ்காட்லாந்திலும் குடியின் கேடு மிகக் கொடியதாக இருந்தது. இன்றும் அது அங்கே பொதுச் சுகாதாரத்தின் பெரும் கவலைகளில் ஒன்று. மதுவிலக்கு இயக்கமும் அதே அளவுக்கு வலுவாக இருந்தது. 1913-ல் நிறைவேறிய ஒரு சட்டம், மதுக்கடைகள் வேண்டுமா, குறைக்க வேண்டுமா, அறவே வேண்டாமா என்று ஒவ்வொரு வட்டாரத்து வாக்காளர்களும் தாங்களே வாக்களித்து முடிவுசெய்யும் உரிமையைத் தந்தது. அறவே வேண்டாம் என்பதற்கு வாக்களித்தவர்களில் 55 சதவீதமும், மொத்த வாக்காளர்களில் 35 சதவீதமும் ஆதரவாக இருக்க வேண்டும். 1920 முதல் வாக்கெடுப்புகள் நடந்தன. 1918-ல் வாக்குரிமை பெற்ற பெண்கள் அவற்றில் கலந்துகொண்டார்கள். வடகோடியில் ஹெர்ரிங் மீன்பிடிப்புக்குப் பெயர்பெற்ற விக் துறைமுக ஊர் இப்படி வாக்களித்து, 1922 முதல் 1947 வரை இருபத்தைந்து ஆண்டுகள் மதுக்கடை இல்லாமலே இருந்தது. பிறகு அந்த ஊராரே மீண்டும் வாக்களித்துக் கடைகளைத் திறந்தார்கள். தலைநகரிலிருந்து உத்தரவு வந்து ஓர் இரவில் மூடுவதற்கும், ஊரார் கூடி முடிவெடுப்பதற்கும் உள்ள வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இதைவிட எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்றும் அங்கே இருந்தது. ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் 1865-ல் தொடங்கிய ஏற்பாட்டைப் பார்த்து, ஸ்காட்லாந்தின் நிலக்கரிச் சுரங்க ஊர்களில் ‘கோத்’ என்று அழைக்கப்பட்ட பப்புகளை அமைத்தார்கள். பணம் போட்டவர்கள் ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கு மேல் ஆதாயம் எடுக்கக் கூடாது. மிச்சம் முழுவதும் ஊருக்கு. குடிக்கவைத்துப் பணம் பண்ணும் ஆசை எவருக்கும் வரக் கூடாது என்பதால், கடனுக்குக் கொடுப்பதையும் சூதாட்டத்தையும் தவிர்த்து, குடிப்பவரை ஈர்க்கும் அலங்காரங்களையும் குறைத்தே வைத்தார்கள். அந்த மிச்சப் பணத்தில் பூங்காக்களும் படிப்பகங்களும் பந்தாட்டத் திடல்களும் வந்தன. நியூட்டன்கிரேஞ்ச் ஊரில் 1899-ல் தொடங்கிய டீன் டாவர்ன் இன்றும் அறக்கட்டளையின் கையில்தான் இருக்கிறது, ஆதாயம் இன்றும் ஊருக்கே போகிறது. 2015-ல் மீண்டும் திறக்கப்பட்ட எல்லைப்புற ரயில்பாதையில் அந்த ஊருக்கு நிலையம் உண்டு. எடின்பரோவிலிருந்து எளிதில் போய்விடலாம். அதே ஊரில் பழைய லேடி விக்டோரியா சுரங்கம் அருங்காட்சியகமாக இருக்கிறது. சுரங்கத்தைப் பார்த்துவிட்டு, அதில் இறங்கியவர்கள் மாலையில் உட்கார்ந்த இடத்துக்குப் போவதே சரியான வரிசை. கடற்கரையோரம் ப்ரெஸ்டன்பான்ஸ் ஊரில் 1908-ல் கட்டிய கோத் ஒன்றும் அழகான கட்டடம்.

மது விற்பனையில் வரும் பணத்தில் ஊர் நடத்துவது சரியா என்ற கேள்வி இதிலும் எஞ்சுகிறது. நம் மாநில அரசுகள் எல்லாவற்றையும் நோக்கிக் கேட்க வேண்டிய கேள்வி அது. ஆயினும் கோத் பப்பில் கணக்கு ஊரார் கண்முன் இருந்தது, ஆதாயத்துக்கு வரம்பு இருந்தது. இவ்விரண்டும் இல்லாத நம் மதுக்கடைகளோடு அவற்றை ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை.

வேலந்தாவளத்திலிருந்து சோதனைச் சாவடி அருகே கடை வைத்திருப்பவர்: தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை என்பதால் எல்லை தாண்டி எங்கள் பக்கம் வருகிறார்கள். இப்படியொரு வழக்கம் அங்கும் உண்டா?

பதில்: இருந்தது. 1853-ஆம் ஆண்டுச் சட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் பப்புகளை மூடிவிட்டு, உண்மையான பயணிகளுக்கு மட்டும் விடுதிகளில் மது தரலாம் என்று விதித்தது. உடனே அடுத்த ஊருக்குப் பயணம் போய்வருவோர் பெருகினார்கள். விடுதியின் பதிவேட்டில் பெயரெழுதிக் கையொப்பமிட்டால் பயணியாகிவிடலாம். 1962-ல் அந்த ஏற்பாடு போயிற்று. பப்புகளை ஞாயிறன்று திறக்க 1976-ஆம் ஆண்டுச் சட்டம்தான் வழிவிட்டது.

கல்பாத்தியிலிருந்து இல்லத்தரசி: நாங்கள் சைவம், மதுவும் பழக்கமில்லை. பேத்தியைப் பார்க்கப் போகும்போது அவள் பப்புக்கு அழைத்தால் போகலாமா? என்ன சாப்பிடுவது?

பதில்: தாராளமாகப் போகலாம், அம்மா. மது கேட்கவில்லை என்பதற்காக யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள். தேநீர், காபி, பழச்சாறு எல்லாம் உண்டு. 1901 முதல் தயாராகிவரும் அயர்ன் ப்ரூ என்ற ஆரஞ்சு நிறச் சோடா அந்த நாட்டாரின் செல்லப் பானம். குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. ஆட்டின் ஈரல், இதயம் முதலியவற்றை ஓட்ஸோடு கலந்து செய்யும் ஹாகிஸ் அவர்களின் தேசிய உணவு. அதன் சைவ வகையை 1984 முதலே தயாரிக்கிறார்கள். பருப்பும் விதைகளும் ஓட்ஸும் சேர்ந்த அதை மசித்த உருளைக்கிழங்கோடும் டர்னிப்போடும் தருவார்கள். மிளகுத்தூள் கேட்டு வாங்கிக்கொண்டால் நம் நாவுக்கு ஒத்துவரும். சூப் கேட்கும்போது மட்டும், வேகவைத்த நீர் இறைச்சிச் சாறா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். சமையலறை பகல் இரண்டு, இரண்டரை மணிக்கு மூடி மாலை ஐந்தரைக்கு மேல் திறப்பது சிற்றூர்களில் வழக்கம் என்பதால் பசியோடு மூன்று மணிக்குப் போய் நிற்க வேண்டாம்.

உங்களுக்குப் பயன்படாவிட்டாலும், ஏல் அருந்தும் சைவ வாசகர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பீப்பாய் ஏலைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசையைச் சேர்ப்பது பழைய வழக்கம். அதைச் சேர்க்காமல் சற்றுக் கலங்கலாகவே விற்கும் ப்ரூவரிகள் இப்போது பல உண்டு; கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள்.

நெம்மாறையிலிருந்து ஓட்டுநர்: ஒரு கோப்பை குடித்துவிட்டு வண்டி ஓட்டலாமா?

பதில்: கூடாது. ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் முதல் 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் என்பது வரம்பு; இங்கிலாந்தின் 80-ஐவிடக் கடுமையானது. நம் நாட்டில் 30. அங்கே ஏல் தரும் அளவான ஒரு பைண்ட் என்பது 568 மில்லி என்பதை நினைவில் வையுங்கள். மறுநாள் காலையிலும் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. பேருந்திலோ ரயிலிலோ செல்லுங்கள், அல்லது அந்த விடுதியிலேயே தங்கிவிடுங்கள்.

பெருமாட்டியிலிருந்து விவசாயி: பிளாச்சிமடையில் குளிர்பானத் தொழிற்சாலை எங்கள் கிணறுகளை என்ன செய்தது என்று உலகத்துக்கே தெரியும். ப்ரூவரி என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்குத் தண்ணீர்தான் நினைவுக்கு வருகிறது. அங்கே ஊரார் எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்கள்?

பதில்: ஒரு லிட்டர் பீருக்குக் கழுவுதல், குளிர்வித்தல் எல்லாம் சேர்த்துப் பல லிட்டர் நீர் செலவாகும் என்பதால் உங்கள் கவலை முற்றிலும் சரி. அளவுதான் முதல் வேறுபாடு. நான் மேலே சொன்ன ட்ராக்வேரும் மூலினும் ஒரு வீட்டின் ஒதுக்கிலும் ஒரு கொட்டகையிலும் அடங்கிவிடுபவை. மழை மிகுந்த நாடு என்பது இரண்டாவது. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கே மழைமறைவில் இருக்கும் உங்கள் பஞ்சாயத்தை அதனோடு ஒப்பிட முடியாது. மூன்றாவது, ஒரு நாளில் 10 கன மீட்டருக்கு மேல் ஆற்றிலிருந்தோ நிலத்தடியிலிருந்தோ எடுப்பவர்கள் சூழல் பாதுகாப்பு முகமையின் அனுமதியைப் பெற்றாக வேண்டும். பிளாச்சிமடையில் போராட்டத்தை முன்னின்று நடத்திய மயிலம்மாவும் மற்றவர்களும் தெருவில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்ததை அங்கே சட்டம் முன்கூட்டியே கேட்கிறது. வடித்தெடுத்த பார்லிச் சக்கையைப் பக்கத்துப் பண்ணைகளின் மாடுகளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். மழைமறைவு நிலத்தில் பெரிய ப்ரூவரி வேண்டும் என்று யாரேனும் ஸ்காட்லாந்தை எடுத்துக்காட்டினால் அதை ஏற்காதீர்கள்.

கொல்லங்கோட்டிலிருந்து கல்லூரி மாணவர்: பப்பில் நடந்துகொள்ளும் முறை ஏதேனும் உண்டா? கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் அமர்ந்த பப்பு இன்னும் இருக்கிறதா?

பதில்: மேசையில் அமர்ந்து பணியாளரை எதிர்பார்க்காமல், நீங்களே முன்மேசைக்குச் சென்று கேட்டு அப்போதே பணம் செலுத்த வேண்டும். வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் யார் முன்னால் வந்தார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். நண்பர்களோடு சென்றால் ஆளுக்கொரு முறை எல்லோருக்கும் வாங்குவது மரபு. குடிக்காதவரும் தன் முறைக்கு வாங்கிக் கொடுப்பது நல்லது. வயது 18 ஆகியிருக்க வேண்டும், இருபத்தைந்துக்குக் குறைவாகத் தோன்றினால் அடையாள அட்டை கேட்பார்கள் என்பதால் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

பர்ன்ஸ் தன் இறுதி ஆண்டுகளைக் கழித்த டம்ஃப்ரீஸ் ஊரின் குளோப் விடுதி இருக்கிறது. 1610 முதல் இருக்கும் விடுதி அது. அவர் அமர்ந்த நாற்காலியைக் காட்டுவார்கள்; அதில் அமர்பவர் அவருடைய கவிதை ஒன்றைச் சொல்ல வேண்டும், தவறினால் அங்கிருப்போர் அனைவருக்கும் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். அவர் அந்த ஊரில் செய்த வேலை மதுவரி அதிகாரி வேலை என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். 1796-ல் 37 வயதில் அங்கேயே காலமானார்.

மீனாட்சிபுரத்திலிருந்து கூட்டுறவுச் சங்கச் செயலாளர்: சிற்றூர்ப் பப்புகள் மூடப்பட்டுவருவதாகப் படித்தேன். அவற்றை யாராவது காப்பாற்றுகிறார்களா?

பதில்: மூடப்படுகின்றன என்பது உண்மை. எரிபொருள் செலவும் ஆள் பற்றாக்குறையும் ஒரு பக்கம். பேரங்காடியில் மலிவாக வாங்கி வீட்டிலேயே குடிக்கும் பழக்கம் மறுபக்கம். அந்த மலிவு விலையைத் தடுப்பதற்காக 2018 மே மாதம் ஒரு யூனிட் (10 மில்லி தூய) ஆல்கஹாலுக்கு 50 பென்ஸ் என்று குறைந்தபட்ச விலையை அரசு நிர்ணயித்து, 2024 செப்டம்பரில் 65 பென்ஸாக உயர்த்தியது. மக்கள் நலனுக்காகச் செய்தது அது.

கூட்டுறவுக்காரரான உங்களுக்கு மேற்குக் கரையின் நாய்டார்ட் தீபகற்பத்திலுள்ள இன்வெரி கிராமத்தைச் சொல்ல வேண்டும். அங்குள்ள ஓல்ட் ஃபோர்ஜ் என்ற பப்புதான் பிரிட்டனின் பெருநிலப்பகுதியில் மிக ஒதுக்குப்புறமானது என்று அறியப்படுகிறது. நாட்டின் மற்றச் சாலைகளோடு அந்த ஊரை இணைக்கும் சாலையே கிடையாது. அந்தப் பப்பு ஊராரின் கைக்கு வர வேண்டும் என்று அந்தச் சிறு சமூகம் பங்குகள் திரட்டி 2022-ல் தாமே வாங்கிக்கொண்டது. வெளியூர்க்காரர்களும் பங்கு வாங்கினார்கள். கடல் உணவும் உள்ளூர் மானிறைச்சியும் கிடைக்கும். மழையில் நனைந்து வருபவர்களுக்கு அடுப்பங்கரையில் இடம் கிடைக்கும். ஃபோர்ட் வில்லியமிலிருந்து ரயிலில் மல்லேக் வந்து, அங்கிருந்து படகில் போக வேண்டும். மலைவழியாக நடந்தே போகிறவர்களும் உண்டு, அதற்கு இரண்டு நாட்கள் பிடிக்கும். குளிர்காலத்தில் படகுகளும் குறைவு, பப்பு திறந்திருக்கும் நேரமும் குறைவு. திரும்பும் படகின் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, தங்குமிடத்தையும் முன்கூட்டியே பதிவுசெய்துவிட்டுப் புறப்படுங்கள்.